நெளிகோடு

லவுசிட்ஸ், 11 மே 1937

என் அன்பு இர்ம்காட்,

சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை! போன வருஷம் மண்வெட்டிக்கே அலைந்த உன் புருஷனுக்கு இப்போது அகழாய்வுக்கென்று ஆளும் கட்சி லாரி தந்திருக்கிறது, தோண்ட ஆள் தந்திருக்கிறது, கோட்டில் குத்திக்கொள்ளச் சின்னமும் தந்திருக்கிறது. சிரிக்காதே. இங்கே புதைந்திருப்பது 'பழைய ஜெர்மானியக் குடியிருப்பு' என்று முதல் அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.

தங்கியிருப்பது ஹங்கா அம்மாள் வீட்டில். இந்தப் பக்கத்தில் காலங்காலமாக வாழும் ஸ்லாவியச் சிறுபான்மையான சோர்பியரில் ஒருவர். பேசுவது ஜெர்மன்தான், திட்டுவதற்கு மட்டும் தன் ஸ்லாவிய மொழிக்குத் தாவிவிடுவார். "தோண்டின குழியில எல்லாம் கிழங்கு நட்டிருந்தா ஊரே சாப்பிட்டிருக்கும் டாக்டரே" என்கிறார். தோண்டியதில் கிடைத்த பானைகளை அனுப்புகிறேன். அறிக்கைக்கான படங்களை வழக்கம்போல நீயே வரைந்து கொடு.

உன் வெண்டலின்

லைப்சிக், 20 மே

அருமை வெண்டலின்,

உடைந்த பானைகள் உடைந்தபடியே பத்திரமாக வந்து சேர்ந்தன. அவசரக்குடுக்கை! கழுத்தைச் சுற்றி நெளிகோடு ஓடுகிறதே, பார்க்கவில்லையா? ஸ்லாவியர் கைவேலை. ஹங்கா அம்மாளின் முன்னோர்கள் செய்தது. அறிக்கையைத் திருத்தி அனுப்பு. அந்தச் சின்னத்தைக் கோட்டில் குத்தாதே. ஓட்டையை நான்தான் தைக்க வேண்டும்.

இர்ம்காட்

லவுசிட்ஸ், 8 ஜூன்

கண்ணே,

கட்சியின் வட்டத் தலைவரிடம் நெளிகோட்டைப் பற்றிச் சொன்னேன். "சட்டி யாரு செஞ்சதுன்னு நாங்க கேக்கலையே டாக்டர், இது யாரு மண்ணுன்னுதானே கேட்டோம்!" என்று முதுகில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். படத்தில் அந்த நெளிகோட்டை மட்டும் வரையாமல் விட்டுவிடேன். பேராசிரியர் பதவி எனக்குத்தானாம்.

ஒரு சங்கடம். ஊர்த் தேவாலயத்தில் இனிச் சோர்பிய மொழியில் பிரசங்கம் கூடாதாம். என் அறிக்கையைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள். "எவனோ படிச்சவன் எழுதிக் குடுத்தானாம். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்" என்று ஹங்கா அம்மாள் தட்டை நகர்த்தினார். கிழங்கைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

வெண்டலின்

பிராக், 21 ஜூன்

அன்புள்ள வெண்டலின்,

ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்காதே. படங்களை நெளிகோடுகளோடு வரைந்து இங்கே எடுத்து வந்துவிட்டேன். எல்லையில் சுங்கக்காரர் புரட்டிப் பார்த்து, "எம் பொண்டாட்டியும் பூத்தையலுக்கு நல்லா டிசைன் வரைவா" என்று விட்டுவிட்டார்! இங்குள்ள ஆய்விதழில் என் பெயரில் வருகிறது.

இத்தனை வருஷம் உன்னோடு சிரித்தே குடும்பம் நடத்தினேன். அந்த வட்டத் தலைவனோடு சேர்ந்து சிரித்தாயே, அதோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. அந்தப் படித்தவன் யார் என்று ஹங்கா அம்மாளிடம் சொல். சொல்லிவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும்.

இர்ம்காட்

டிரெஸ்டன் ரயில் நிலையம், 30 ஜூன்

இர்ம்காட்,

சொல்லிவிட்டேன். அறிக்கை பொய் என்று கட்சிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் தேவாலயத்தில் சோர்பியப் பிரசங்கத்துக்கு அனுமதி வரவில்லை. என் வேலைதான் போயிற்று.

ஹங்கா அம்மாள் திட்டவே இல்லை. என் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். லாரியும் போய்விட்டதால், ஊர் ஸ்டேஷனுக்கு நடந்து எப்படிப் போவது என்று கேட்டேன். தன் மொழியிலேயே நிதானமாக, நீளமாக வழி சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே மொழிதான். கடைசியில் கை காட்டினார். காட்டிய திசையிலேயே நடந்தேன். சரியான வழிதான்.

பிராக் வண்டி வந்துவிட்டது.

வெண்டலின்