கூப்பிடு தூரம்

ஐப்பசி 14, செவ்வாய். வவுனியா.

காணி வழக்குப் போட்ட நெடுங்கேணிக் கந்தையர் இன்று நீதிமன்றம் கலைந்ததும் என் மேசைக்கே வந்துவிட்டார். வழக்குப் பதியும்போது, சாட்சியத்தைச் சுருக்கெழுத்தில் எடுக்கவென்றும் கட்டணம் வாங்குகிறார்கள். அதில்தான் சுருக்கெழுத்தாளனான எனக்குச் சம்பளம்.

"தம்பி, என்ர காசிலதானே எழுதுறியள்? நான் சொன்னதை ஒருக்கா வாசியுங்கோ."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். கிணற்றிலிருந்து எல்லைக்கு அறுநூறு அடி.

"நான் கூப்பிடு தூரம் எண்டெல்லோ சொன்னனான். அறுநூறு எண்டு ஆர் சொன்னது?"

சொன்னவர் மொழிபெயர்ப்பாளர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் நான் எழுத வேண்டும். அதுதான் முறை. ஆனால் கந்தையர் சொன்னதும் என் காதில் விழுந்ததே!

"அப்ப என்ர கதையை ஆர் எழுதினது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நாளை நீதிபதியிடம் சொன்னால் மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் கந்தையரின் காணி அறுநூறு அடியோடு நின்றுவிடும். கூப்பிடு தூரம் அதைவிடக் கூடவா, குறைவா? அதுவும் தெரியவில்லை.

பொழுதுபட முன் வீட்டு வாசல் படலையில் நின்று ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். வயல் பக்கம் எங்கிருந்தோ ஒருவர், "ஓம், ஆரது?" என்றார்.

எத்தனை அடி என்று எழுதுவது?