கருப்பில் வெட்டிய ‘கரிசல்’

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து ஏழு கல்யாணப் பத்திரிகை. ஏழு மாப்பிள்ளையும் பி.இ. நாலு வருடமாக இந்த அச்சுக் கடையில் நான் ‘டைப் அடிக்கிற பிள்ளை’. பெரிய மானிட்டரும் சுழல் நாற்காலியும் லிங்கராஜுக்கு. முதலாளி கார்த்திகேசன் அண்ணாச்சியின் அக்கா மகன். சென்னையில் ஆறு மாதம் படித்தவன், அதனால் டிசைனர்.

இடைசெவலிலிருந்து வெயிலம்மாள் என்று ஒரு அம்மா வந்தார்கள். மரச்செக்கு போட்டிருக்கிறார்கள், எண்ணெய்க்கு லோகோ வேண்டுமாம். “பேரு கரிசல். எம் மண்ணு கருப்பு, போர்டும் கருப்பாத்தான் இருக்கணும். எழுத்து உளி வச்சு வெட்டுனாப்ல குழியா தெரியணும்.”

நானும் ஒன்று செய்கிறேன் என்றேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு. “செய்யி. அவிய ஒன்னத எடுத்தா பெரிய சிஸ்டம் ஒனக்கு. இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்பிடாது.”

சரி அண்ணாச்சி. பார்ப்போம்.

ஜூன் 10, செவ்வாய்

லிங்கராஜ் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டான். ரெடிமேட் எஃபெக்ட், ஒரே கிளிக். எழுத்து பூரி மாதிரி உப்பி நிற்கிறது. குழி கேட்டால் உப்பலா?

நான் எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் நடுவில் பிளந்து, ஒரு பாதிக்கு வெளிச்சம், மறு பாதிக்கு இருட்டு கொடுக்கிறேன். வீடியோவில் சொல்லித் தருகிறவன் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் நேர்கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். நம்ம ‘க’ வளையுதே! வளைவு திரும்பும் இடத்தில் வெளிச்சப் பக்கம் இருட்டாக மாறவேண்டும். அந்த ஒரு எழுத்திலேயே சாப்பாட்டு நேரம் போனது.

ஜூன் 11, புதன்

வெள்ளைப் பின்னணியில் நன்றாக வந்தது. கருப்பைப் போட்டேன், இருட்டுப் பாதி மொத்தமும் காணோம். “அக்கா, எலி கடிச்சாப்ல இருக்கு” என்றான் லிங்கராஜ். “ஒஞ் சோலியப் பாருல” என்றேன்.

அண்ணாச்சி வேறு, “எதுக்கும்மா இந்த வீம்பு?”

வீம்புதான். அதற்கு என்ன இப்போ?

ஜூன் 12, வியாழன்

யூனியன் ஆபீஸ் வாசலில் ஒரு அடிக்கல் இருக்கிறது. கருப்புக் கல். எழுத்துக்குள் அடித்த பெயின்ட் எப்போதோ போய்விட்டது. மத்தியானம் கடந்து போனபோது வெறும் கல்லாகத்தான் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது வெயில் சாய்ந்து விழுந்து, எல்லா எழுத்தும் தெரிகிறது!

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெட்டின குழியில் வெயில் படுகிற சுவர் மட்டும்தான் தெரிகிறது. மறு சுவர் கல்லோடு கல்லாகக் கருப்பு. அட கிறுக்கச்சி, கருப்பு மேலே போய் இருட்டை வரைந்துகொண்டு இருந்திருக்கிறேனே!

பஸ் போய்விட்டது. போகட்டும்.

ஜூன் 13, வெள்ளி

இருட்டை எல்லாம் அழித்தேன். வெளிச்சச் சுவர் மட்டும், கடலைத் தோல் நிறத்தில். முதலில் இடப்பக்கச் சுவருக்கு வெளிச்சம் கொடுத்தேன், உப்பிக்கொண்டது. வெயில் இடப்பக்கம் மேலேயிருந்து வந்தால், குழிக்குள் வலப்பக்கச் சுவரில் அல்லவா விழும்? மாற்றினேன். விழுந்தது குழி. பாட்டில் மூடி அளவுக்குச் சுருக்கினாலும் படிக்க முடிகிறது.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

வெயிலம்மாள் என்னுடைய பிரிண்டை எடுத்து விரலால் தடவினார்கள். விரலைப் பார்த்தார்கள். மறுபடி தடவினார்கள். “குழியே இல்லையே! இதுதான் வேணும். ஆரு செஞ்சது?”

நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி: “நம்ம லிங்கராஜ்தாம்மா. சென்னைல படிச்சவன்.”

பொய்! எம் மூஞ்சிக்கு நேரே பச்சப் பொய்!

எழுந்தேன். “அம்மா, எழுத்துல வெயிலு இடப்பக்கமிருந்து அடிக்கி. அத வலப்பக்கமா மாத்தித் தரச் சொல்லுங்க. செஞ்சவுகளுக்குத்தான தெரியும்.”

லிங்கராஜ் கை மவுஸ் மேலேயே இருந்தது. அண்ணாச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அக்காதான் மாத்தணும்” என்று எழுந்துவிட்டான். நான் உட்கார்ந்தேன். அவன் உயரத்துக்கு ஏற்றிவைத்த நாற்காலி, கால் தொங்கியது. தொங்கிய காலோடு ‘க’வில் வெயிலை எல்லார் முன்னாலும் வலப்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார்.

“செஞ்சத செஞ்சேன்னு சொல்லுததுக்கு ஏன் தாயி இந்த நடுக்கம் நடுங்குத?” என்றார்கள் வெயிலம்மாள்.

பயத்தில் இல்லை, கோபத்தில்.

ஜூன் 16, திங்கள்

பத்திரிகைக் கட்டு வழக்கம்போல என் மேஜையில். “சொன்ன சொல்லு என்னாச்சு அண்ணாச்சி?” என்றேன். “பாக்கலாம்” என்றார். கட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அங்கேயே நின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் நின்றேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒரு பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயர் விட்டுப்போய், கடையில் ஒரே சத்தம். டைப் அடித்தது லிங்கராஜ். பாவம், முகம் செத்துப்போய் இருந்தான். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் போய்த் திருத்திக் கொடுத்தேன்.

திரும்பி வந்து என் பெரிய மானிட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது, இத்தனை நாளும் கால் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். நாற்காலியைத் திருகி இறக்கினேன். கால் தரையில் பட்டது.