படகில் இருந்த இன்னொருவருக்கு

அன்புள்ள பல் டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். மகன் வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்களா? அங்கே குளிர் எலும்புவரை இறங்குகிறது என்று என் மகளிடம் சொன்னீர்களாம். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுப்பதில்லை. வேண்டுமென்றேதான். அதனால் இந்தக் கடிதத்தை எங்கே தொடங்குவது என்று எனக்கே தெரியவில்லை. இரங்கல் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

வக்கீல் சங்கம் என் மனைவிக்காக நடத்திய கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி அந்தக் குளிர்பதனக் கிடங்கு வழக்கைப் பற்றிப் பேசினார். வாயு கசிந்து தொழிலாளிகள் உள்ளேயே செத்துப்போன வழக்கு. பதற்றத்தில் அவர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று கம்பெனி சாதித்தது. தொழிலாளிகள் தரப்பு வக்கீலாக இவள் எழுந்து, மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றார். அத்தனை பேர் மேலே வந்து விழுந்த கதவு உள்பக்கம் எப்படித் திறக்கும்? வழக்கு அங்கேயே முடிந்தது.

பிறகு உங்கள் செய்தியை வாசித்தார்கள். ‘அந்தக் கேள்வி எங்கள் படகில் பிறந்தது’ என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர், நான் கட்டட வரைபடம் வரைகிறவன். அந்தக் கிடங்கின் வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்து, “இந்தக் கதவு உள்ள திறக்குது, பாரு” என்று அவளுக்குக் காட்டியது நான். பிறந்தது உங்கள் படகிலாகவே இருக்கட்டும். சுமந்தது என் மேஜை. கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. மகள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெளியே வந்ததும், “அப்பா, செத்துப்போன அம்மாவ யாரோட பங்கு போடப் போறீங்க?” என்று கேட்டாள்.

பங்கு போடுவது புதிதல்ல. ஒவ்வொரு ஞாயிறும் அவள் பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. வாரம் முழுக்கக் கறுப்புக் கோட்டுக்குள் இறுகிக்கிடந்தவள், உங்களோடு பாய்மரப் படகுப் பந்தயம் முடிந்து தலையில் உப்பு பூக்கச் சிரித்துக்கொண்டு வருவாள். சிரிப்பு வாசலுக்கு வரும்போதே பாதி செலவாகியிருக்கும். கூடத்து அலமாரியில் கோப்பைகள் பெருகின. ஒவ்வொன்றிலும் அவள் பெயரும் உங்கள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் அவள் பெயரோடு எங்கே அச்சாயிற்று? கடைவாய்ப்பல் வலித்தபோது, ஊரிலேயே நல்ல கைராசிக்காரர் நீங்கள் என்று தெரிந்தும், வேறு ஒருவரிடம் போய் அவஸ்தைப்பட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, நான் கடைசியாகப் போனை எடுத்தபோது நீங்கள் சொன்னது. அடக்கம் முடிந்த மறுநாள் அழுதுகொண்டே, “மழைக்கு முந்தின பந்தயத்தப்பவே அவங்க என்கிட்ட சொன்னாங்க சார், அப்பவே பயந்தேன்” என்றீர்கள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். என் மனைவியின் நோய் எனக்கு மழைக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது.

அவள் படகை விற்றுவிடுவது என்று படகு கிளப்புக்குப் போனேன். அதற்கு முன் உங்கள் இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். கிளப் செயலாளர் சுக்கானைப் பிடிக்க, நான் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் நீங்கள் இருவரும் அங்கே பேசித் தீர்க்கிறீர்கள் என்று வெந்துகொண்டிருந்தேனே, காற்றில் செயலாளர் கத்துவதே என் காதில் விழவில்லை. கரைக்கு வந்ததும் கேட்டேன். “பந்தயத்துல எங்க சார் பேசறது? காத்தில்லாதப்ப ஏதாவது ரெண்டு வார்த்தை இருக்கும். மத்தபடி அவங்க உடம்பு சாயறத வச்சே டாக்டர் கயித்த விடுவாரு” என்றார். பேச்சுக்காகப் பொறாமைப்பட்டவனுக்கு, உங்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

அவர்தான் மிச்சத்தையும் சொன்னார். மழைக்கு முந்தின அந்தப் பந்தயத்தில் அவள் கை சுக்கானை நழுவவிட்டதாம். படகு கவிழ்ந்து, இருவரும் அதைப் பிடித்தபடி தண்ணீரிலேயே வெகுநேரம் இருந்தீர்களாம். மற்றவர்கள் வந்து தூக்கியபோது நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்களாம், அவள் உங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாளாம். எனக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கிறது. ஈரத்தோடு வந்து, “இன்னைக்குக் காத்து சரியில்ல” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தட்டு, அவளுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். மேஜையில் தளர்ந்த கையை மறைத்துக்கொள்ளலாம், டாக்டர். படகில் முடியாது. அதனால்தான் உங்களிடம் சொன்னாள் என்று எனக்கு நானே வாதாடிப் பார்க்கிறேன். அவள் அளவுக்கு வாதாட வரவில்லை.

படகை விற்கவில்லை. அவள் பெயரில் ஒரு பந்தயம் நடத்தப்போகிறார்கள். அவள் படகை யார் ஓட்டுவது என்று என்னைக் கேட்டார்கள். உங்களைத்தான் சொன்னேன். பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம், இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. வேறு யார் கை பட்டாலும் இன்னும் எரியும், அவ்வளவுதான்.

வாருங்கள். கிளப்புக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு வாருங்கள். தண்ணீரில் இருந்தபோது அவள் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்லுங்கள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் வந்தவுடன் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லுங்கள்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காத பாதி அவள் உங்களிடம்தான் இருக்கிறாள். நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கரையிலேயே நின்றவன்