கால் மண்ணில் படும்வரை

அண்ணி,

இன்று மதியம் அண்ணன் அனுப்பிய பார்சல் வந்தது. வழக்கம்போல டீ-சட்டைதான் என்று நினைத்தேன். குடும்பத்தோடு நம் ஊர் பாடாங் செராயைத் தாண்டினாலே உங்கள் வீட்டுக்காரர் கூலிம் கடையில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பெயர் போட்டுச் சட்டை அச்சடித்துவிடுவார், உங்களுக்குத் தெரியாததா? பிளாஸ்டிக்கை வெட்டியதும் புதுச் செருப்பு வாசம் அடித்தது. உள்ளே இருந்தது சட்டை இல்லை. சின்னப் பிள்ளைக்கான ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். முதுகில் கொட்டை எழுத்தில் ‘மாணிக்கம் குடும்பம்’ என்று அப்பாவின் பெயர்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நாளை லங்காவித் தீவுக்குக் கிளம்புகிறோம். நீங்கள் இல்லாமல் படகு ஏறுவது இதுதான் முதல் தடவை. என் சின்னவன் ருத்ரனுக்கு நாலு வயது. அன்றைக்கு என் மூத்தவள் தர்ஷினிக்கும் அதே வயதுதான். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. துணி மடிக்கும்போதும், குழம்பு கிண்டும்போதும் ஒரே யோசனைதான். படகில் இவனை யார் பிடித்துக்கொள்வது?

நாம் எல்லாரும் மஞ்சள் சட்டை போட்ட அந்த வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். படகுத்துறையில் தர்ஷினிக்குப் பெரியவர்கள் போடும் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார் படகுக்காரர். நீங்கள் அதன் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கினீர்கள். பிள்ளையின் முகம் உள்ளே போய் மறைந்தே போனது.

“பாத்தீங்களா? தண்ணில விழுந்தா புள்ள கீழ நழுவிடும், இதுமட்டும் மிதக்கும்.”

“தா ஆப்பா லா காக்,” என்று சிரித்தார் அவர். பரவாயில்லை அக்கா, கொஞ்ச நேரம்தானே என்பது அவர் கணக்கு. அண்ணனும் சேர்ந்துகொண்டார். “மடியில வெச்சுக்கலாம் லா. எல்லாரும் பாக்குறாங்க.”

நீங்கள் துறைப் பலகைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். “சின்ன சைஸ் வரட்டும். அப்பதான் எந்திரிப்பேன்.”

உங்களோடு வெளியே போவதென்றால் எனக்கு எப்போதும் கூச்சம்தான். கறி ஆறியிருந்தால் கடைக்காரரைக் கூப்பிடுவீர்கள், வேன் வேகமாகப் போனால் ஓட்டுநரின் தோளைத் தட்டுவீர்கள். அன்றும் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு முகம் எரிந்தது. கடைசியில் படகுக்காரர் வேறொரு படகிலிருந்து சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். அதையும் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தீர்கள். முகவாய்க்கு மேல் ஏறவில்லை. கால்களுக்கு நடுவே வரும் வாரையும் மாட்டி இழுத்த பிறகுதான் ஏறினீர்கள்.

கடல் அன்று அமைதியாகத்தான் இருந்தது. நடுக்கடலில் ஒன்றும் ஆகவில்லை. தீவுக்குப் போய்ச் சேர்ந்து, படகை முன்பக்கம் மட்டும் கட்டியிருந்த நேரத்தில் அண்ணன் கைப்பேசியோடு படகுத்துறை மேடைமேல் தாவினார்.

“எல்லாரும் ஜாக்கெட்ட கழட்டுங்க! காசு போட்டு அடிச்ச சட்டையே தெரியல!”

எல்லாரும் கழற்றினோம். நானும்தான். தர்ஷினி, “எனக்கும் மஞ்சா தெரியணும்,” என்று அழுதாள். நீங்கள் மட்டும் அசையவில்லை.

“கால் மண்ணுல படறவரைக்கும் புள்ளைக்கு கழட்டக் கூடாது.”

“ஒரு போட்டோ லா, ஒரே ஒரு போட்டோ,” என்று கெஞ்சினார் அண்ணன்.

“அப்ப ஆரஞ்சுலயே எடுங்க.”

முகம் தெரிய வேண்டுமென்று எல்லாரும் மேடைப் பக்கமாக நெருங்கி நின்றோம். தர்ஷினி இருக்கைமேல் நின்றாள். அண்ணன் படம் எடுத்தார். அதே நேரம் பக்கத்தில் ஒரு விரைவுப் படகு சீறிக்கொண்டு வந்தது. அதன் அலை எங்கள் படகின் கட்டாத பின்பக்கத்தைத் தள்ளிவிட்டது. படகுக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. என் பிள்ளை அதில் விழுந்தாள்.

நீங்களும் கூடவே சரிந்தீர்கள். வயிறு படகின் விளிம்பில் அடிபட, குப்புறக் கிடந்தீர்கள். ஜாக்கெட்டின் பிடரியில் தைத்த பட்டை வளையத்துக்குள் உங்கள் இரண்டு விரல்கள். தர்ஷினி இடுப்புவரை தண்ணீரில் தொங்கினாள். விலகிப் போன படகு திரும்ப மேடையின் தூணை நோக்கி வந்தது. நடுவில் அவள் தலை.

நான் அவளைப் பிடிக்கத்தான் குனிந்தேன். அம்மாவுக்கு வேறு என்ன தோன்றும்?

“புள்ளைய நான் வெச்சிருக்கேன்! நீ படகத் தள்ளு! தள்ளுடி!”

அதுவரை நீங்கள் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அந்தக் குரல்தான் என்னைத் திருப்பியது. நானும் படகுக்காரரும் தூணில் காலை ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டோம். படகு இன்னும் வந்தது. நிற்கவே நிற்காது என்று நினைத்தேன். நின்றது. அண்ணன் கைப்பேசியைப் போட்டுவிட்டு மேடையில் படுத்துக் கையை நீட்டி அவளை மேலே தூக்கினார்.

கரையில் மணல்மேல் நின்றபிறகு நீங்களே வாரைக் கழற்றினீர்கள். உங்கள் விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அண்ணன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். எல்லாரும் நீங்கள் அவரைக் கிழிக்கப்போகிறீர்கள் என்று காத்திருந்தோம். நீங்கள் பிள்ளையின் மஞ்சள் சட்டையைப் பிழிந்தீர்கள்.

“காஞ்சிடும் லா. உட்காருங்க,” என்றீர்கள்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எல்லாரும் மஞ்சளாகச் சிரிக்கிறோம். நடுவில் ஓர் ஆரஞ்சுப் பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. அதன் பிடரிக்குப் பின்னால் உங்கள் கை. அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அழிக்கவும் இல்லை. அதன்பிறகு எத்தனையோ தடவை படகு ஏறினோம், ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அண்ணி. நானும் சொல்லவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்ல நினைத்தேன், அழுகை முந்திக்கொண்டது.

சாயங்காலம் ருத்ரனுக்கு ஜாக்கெட்டை மாட்டிப் பார்த்தேன். தோளைப் பிடித்துத் தூக்கினேன். முகவாய்க்கு மேல் ஏறவில்லை. வாரை இழுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் போனில் வந்தார்.

“சைஸ் சரியா இருக்கா?”

“சரியா இருக்குண்ணே.”

“படகுக்காரர்கிட்ட இருக்குமோ இருக்காதோன்னுதான் நானே வாங்கிட்டேன். இந்த வாட்டி சட்டை வேணாம்னு விட்டுட்டேன்.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கலாமா?”

“கால் மண்ணுல பட்டதுக்கு அப்புறம் எடுங்க. அதுவரைக்கும் கைப்பேசிய வெளியவே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தர்ஷினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுமுனையில் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

“அவ மாதிரியே கத்துற,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

“அம்மா, விடும்மா,” என்று ருத்ரன் திமிறினான். குனிந்து பார்த்தேன். என் இரண்டு விரல்கள் அவன் பிடரி வளையத்துக்குள் இறுகிக் கிடந்தன. வீட்டுக் கூடத்தில்தான் நிற்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.