மாற்று வேட்பாளர்

4, வியாழன்

காலையிலேயே கொளுத்தும் வெயில். தாலுகா ஆபீசுக்குப் பாஸ்கரன் காரில். பின் சீட்டில் நான், மடியில் அவனுக்கான மாலைகள்.

இரண்டு தேர்தல் இந்தக் கட்சிக்காகத் தாம்பரத்தில் நின்றேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு. இரண்டிலும் டெபாசிட் போனது. இம்முறை சீட்டு, முடிச்சூரில் மனை விற்கும் பாஸ்கரனுக்கு. போன தீபாவளிக்குப் பிறகு கட்சியில் சேர்ந்தவன். நான் மாற்று வேட்பாளர். அவன் மனு தள்ளுபடியானால் நான் நிற்கலாம். ஏற்கப்பட்டால் என் மனு தானாகச் செத்துவிடும்.

ஒன்றரைக்கு ராகு காலம். மனுவைக் கொடுத்த கையோடு நகரச் செயலாளர் ஏகாம்பரம் அவனை வெளியே இழுத்தார். "உறுதிமொழி எடுக்கணுமே" என்றார் தேர்தல் அதிகாரி. "ராகு காலம் கழிச்சு வந்துடறோம் சார்."

வரவில்லை. நேரே அனகாபுத்தூர் ஊர்வலம். நான் மட்டும் உறுதிமொழி எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பரிசீலனை. நாளைக்குள் அவன் உறுதிமொழி எடுக்காவிட்டால் மனு செல்லாது. வீட்டில் மனைவி கோமதியிடம் சொன்னேன். "ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்காம இருங்க, அது போதும்" என்றாள்.

5, வெள்ளி

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் என் பிரசார நோட்டீஸ் வாசகம்கூடத் தயார்.

சாயங்காலம் கட்சி ஆபீஸ். நல்ல கூட்டம். பாஸ்கரன் டீயை உறிஞ்சியபடி: "சார் படிச்சவரு. ரெண்டு வாட்டி நின்னு இன்னா பிரயோஜனம்? எலக்‌ஷன்னா இன்னான்னு நான் காட்டறேன் பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் தொடையைத் தட்டிக்கொண்டு.

எழுந்துவிட்டேன். "சட்டம் தெரியுமா உனக்கு? உறுதிமொழியே எடுக்காதவன் வேட்பாளரே கிடையாது!"

சிரிப்பு நின்றது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை வருடமாயிற்று, இந்த ஆபீஸில் நான் பேசி இவர்கள் வாயடைத்து!

அப்புறம் ஏகாம்பரம் கத்தினார்: "தாலுகா ஆபீசு இன்னும் தொறந்துதான் கீது. வண்டிய எடுடா!"

6, சனி

தூறல். அவன் மனு ஏற்பு. என்னுடையது தள்ளுபடி.

வாசலில் தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். "சார் மட்டும் இல்லன்னா பேஜாராயிருக்கும். அடுத்த தபாவும் சார்தான் நமக்கு மாத்து!" கைதட்டல்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

கோமதி சோறு போட்டாள். பிறகு, "சொன்னீங்களே, அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சா?"

இருந்தது.