இடப்பக்கம் சுற்றும் வளையம்

செவ்வாய், இரவு.

பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. ஆனாலும் அந்தச் சின்ன வளையத்துக்குள் மின்னோட்டம் சுற்றும். இதில் மர்மம் ஒன்றுமில்லை; கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியின் நடுவே மெல்லிய காந்தப் படலம் வைத்தால் அப்படித்தான். ஒவ்வொரு முறை குளிரவைக்கும்போதும் இடமோ வலமோ, தானாக ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும்.

இன்று காலையிலிருந்து நான் ஆய்வகத்துக்குள் இருந்தபோதெல்லாம் இடப்பக்கம் மட்டுமே. நான் டீ குடிக்க வெளியே போனபோதெல்லாம் வலப்பக்கம். குளிரவைக்கத் திரவ ஹீலியம் ஊற்றும் டெக்னீசியன் செல்வம் சிரித்தான். "மேடம், அது உங்களத்தான் பாத்துகினு கீது."

தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகள்தான் காரணம், இரும்பாயிற்றே என்று நினைத்தேன். கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையை வராந்தாக் கோடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுபடி குளிரவைத்தோம். இடப்பக்கமே. அதற்குப் பிறகு செல்வம் சிரிக்கவில்லை.

திசை நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நாளைக் கூட்டத்தில் நான் சொல்லியாக வேண்டும்.

புதுப்பட்டினம் வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது செல்வம் போன் செய்தான். "மேடம், கடைசியா ஒரு வாட்டி குளிர வெச்சேன். இடப்பக்கந்தான் சுத்துது. நீங்க இன்னும் இங்கதான் கீறீங்களா?"

வீட்டில் இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன் அடுப்படியை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.