அழுகை கேட்கும்வரை

என் பொடிசுக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுத மனசு வரவில்லை. நீ நலம் என்பதை நேற்று என் காதாலேயே கேட்டுவிட்டேன், அது போதும். உனக்கு எட்டு மாதம்தான், அம்மா படித்துக் காட்டுவாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், முக்கியமாக அவர்தான் கேட்க வேண்டும்.

உனக்குக் கெட்டியான சாப்பாடு கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நான் போனில் கத்திக்கொண்டேதான் இருக்கிறேன். ஆப்பிளை வேகவைத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்க வேண்டும், நசுங்காதது உன் வாய்க்குப் போகக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். உங்க அப்பா திராட்சைக்கும் வரைபடம் போட்டு அனுப்புவார் என்று மாமா கேலி பண்ணினார். நேற்று மத்தியானம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா போனை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில், வேகாத ஆப்பிள் துண்டை உன் கையில் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு பல் வந்துவிட்டதாம், கடித்துக்கொள்வாயாம். கடிக்கத்தான் அந்தப் பல், அரைப்பதற்கு இல்லை.

நான் இங்கே வேலையிடத்தில், கம்ப்ரசர் மெஷின் ஓடும் அறையில் நின்றிருந்தேன். உன் முகம் சிவந்தது, வாய் திறந்தபடி நின்றது. இருமல் சத்தம் வந்தால் குழந்தை தானே வெளியே தள்ளிவிடும், சத்தமே வராவிட்டால்தான் அடைப்பு, உடனே குப்புறச் சாய்க்க வேண்டும். எனக்கு இது மனப்பாடம். ஆனால் என் பின்னால் மெஷின் ஓடிய ஓட்டத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. நீ இருமுகிறாயா, மூச்சே இல்லையா, தெரியவில்லை. கத்தினேன், யார் காதில் விழுந்ததோ. போன் சரிந்து விழுந்தது, அப்புறம் திரையில் நம் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் பேரிங் தேய்ந்தால் வெளியே நின்றே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறவன் நான், போனைக் காதில் அழுத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

அங்கே போய் நின்றபோதுதான் நீ அழுதது கேட்டது. அம்மா உன்னை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டித் துண்டை வெளியே வரவைத்திருந்தாள். போனை எடுத்து, “அழறா. கேக்குதா? நல்லா கேளுங்க” என்றாள். சாயங்காலம் டாக்டரும் பார்த்துவிட்டு மூச்சு சீராக இருக்கிறது என்றாராம்.

மாமா இப்போது வாழைப்பழத்தைக் கூட நசுக்கி நசுக்கிக் கஞ்சியாக்குகிறாராம். அவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் அங்கே இருக்கிறார், நான் இல்லை.

நல்லா சாப்பிடு, நல்லா வளரு. மெதுவாக விழுங்கு, அவசரமெல்லாம் என்னோடு போகட்டும். தொண்டையில் எது சிக்கினாலும் வீடே அதிர இருமு. இனி மெஷின் பக்கத்திலிருந்து கூப்பிடமாட்டேன்.

இப்படிக்கு,
வராந்தாவிலேயே நிற்கும்
உன் அப்பா